உப்புத் தண்ணீருக்கு ஒரு மூட்டைச் சாமான்

கேரள எல்லையில் இருக்கும் ஆரியங்காவைத் தாண்டினால் எனக்கு வெளிநாடுதான். மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய்வந்த வருடங்களை இதில் சேர்க்கக் கூடாது. அந்தப் பயணம் சாமி பொறுப்பு, நான் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பட்டிருக்கிறேன். இந்த ஜனவரிக் கடைசியில் போனது முழுக்க என் பொறுப்பில். கூடவே என் மகள் கோமதி, ஒரு மூட்டைச் சாமான், காற்றடித்த லாரி டியூப் ஒன்று.

கோமதிக்கு வேலை கிடைத்திருந்தது. கொல்லத்துக்கு அப்பால், காயல் போய்க் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் கண்டல் காடு இருக்கிறது. சேற்றில் வேர் ஊன்றி உப்புத் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள். அவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஆறு மாத வேலை. கடல் ஏறும்போது அந்த ஓடைகளுக்குள் தண்ணீர் வரும், கடல் வற்றும்போது வெளியே போகும், தினமும் இரண்டு தடவை. பெரிய படகு நுழையாது. அதனால் கயாக்கு என்ற ஒல்லிப் படகில் கால் நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போட வேண்டும். எட்டிப் பார்த்து எண்ண வேண்டிய இடத்தில் ஒரு பலகைமேல் நின்றுகொண்டே துடுப்புப் போட வேண்டும். நின்றுகொண்டே. பலகைமேல். என் மகள்.

நான் குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், அன்றிலிருந்து இதுதான் தொழில். தண்ணீருக்குப் பக்கத்திலேயே கிடப்பவனுக்குத் தண்ணீர்ப் பயம் போய்விடும் என்பார்கள். எனக்கு அது கூடிக்கொண்டுதான் போனது. இங்கே பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் பெய்த மழை செம்மண் நிறத்தில் வந்து இறங்கும். ஒரு நிமிடம் முன்னால் சிரித்துக்கொண்டு குளித்தவர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். சைரன் ஊதுவதற்கு முன்னாலேயே எழுந்து நின்றுவிடும் ஆள் நான். பாதி நாள் சைரன் ஊதுவதே இல்லை. அப்படியும் எழுந்து நிற்பேன்.

“பாக்காம வேண்டாம்னு சொல்லக் கூடாதுப்பா,” என்றாள் கோமதி. “எங்கூட வாங்க. அங்க தண்ணியப் பாருங்க, நான் அதுல போறதப் பாருங்க. அதுக்குப் பொறவும் வேண்டாம்னு தோணுச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. மறுபேச்சு பேசாம உங்ககூடவே திரும்பி வந்துருதேன்.”

பேச்சு மாறாத பிள்ளை. ஆகவே அந்த ஒரு வார்த்தை என் கையில் இருந்தது. தென்காசியை விட்டுக் கிளம்பும்போதே அதைத் தயாராக வைத்திருந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

படகு, பலகை, மிதக்கும் ஜாக்கெட் எல்லாம் வேலைக்கு எடுத்தவர்களே கொடுத்துவிடுவார்கள். உடுப்பு, செருப்பு, தொப்பி மாதிரிச் சாமான்களை நாம் கொண்டுபோக வேண்டும். ஐயப்ப சீசன் முடிந்து குற்றாலத்தில் கூட்டம் கலைந்திருந்ததால் எனக்கும் வேலை இல்லை. கடையநல்லூர் மைதீன் பாயை வரச் சொன்னேன். துபாயில் படகு வாடகைக்கு விடும் இடத்தில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதுகு வலிக்கு என்னிடம் எண்ணெய் தேய்க்க வந்து பழக்கம்.

தென்காசியில் முதலில் போனது விவசாயச் சாமான் விற்கும் கடைக்கு. என் யோசனைதான்.

“அண்ணாச்சி, முழங்கால் உசரத்துக்கு ரப்பர் பூட்ஸ் இருக்கா?”

“யாருக்கு? வயலுக்கா, கோழிப் பண்ணைக்கா?”

“எம் பொண்ணுக்கு. கடலுக்கு.”

கடைக்காரர் கோமதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கடலுக்கு பூட்ஸ் போட்டுட்டுப் போற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்,” என்று சொல்லிவிட்டு எடுத்துவரப் போனார்.

மைதீன் பாய் என் முழங்கையைப் பிடித்தார். “வே சுடலை, சேத்துல இறங்கினா உம்ம மவ காலு வெளிய வரும், பூட்ஸு அங்கனயே நிக்கும். உள்ள தண்ணி புகுந்துச்சுன்னா காலுக்கு ஒரு குடத்தக் கட்டிவிட்டாப்புல. கால ஒட்டுன மாதிரி ஷூ வேணும். தண்ணி வந்த வழியே போயிரணும். அடி மட்டும் கெட்டியா இருக்கணும். சேத்துக்குள்ள சிப்பி இருக்கும்வே, பிளேடு கணக்கா அறுத்துரும்.”

கடைசியில் கிடைத்தது விளையாட்டுச் சாமான் கடையில், கான்வாஸ் ஷூ. அதே கடையில் முழுக்கை வைத்த பந்தாட்டச் சட்டை இரண்டு எடுத்தோம். பருத்தியும் ஜீன்ஸும் ஆகாதாம், நனைந்தால் காயாமல் குளிர் ஏறும், கனக்கும் என்றார் பாய். எனக்கு நம்பிக்கை இல்லை. முப்பது வருடமாகக் குற்றாலத்தில் பருத்தித் துண்டோடு நிற்கிறவனிடம் வந்து இப்படிச் சொன்னால் எப்படி?

தாடைக்குக் கீழே நாடா கட்டும் தொப்பி கிடைத்தது. விசில் ஒன்று வேண்டும் என்றார் பாய், நான் நான்கு வாங்கினேன். போன் வைக்கத் தண்ணீர் புகாத பை. பாய் டீ குடிக்கப் போன நேரத்தில் திரும்பி ஓடி ரப்பர் பூட்ஸையும் வாங்கி மூட்டைக்கு அடியில் போட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் குத்துக்கல்வலசையில் பஞ்சர் கடைக்காரரிடம் லாரி டியூப் ஒன்று கேட்டு, காற்றும் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் கிணற்றில் நீச்சல் பழகிய எல்லோருமே டியூப்பில் பழகியவர்கள்தான். கோமதியும்தான்.

மறுநாள் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க நினைத்தேன். எனக்குத் தெரிந்த தண்ணீர் ஒன்றுதான். பந்தாட்டச் சட்டை, ஷூ, தொப்பி, கழுத்தில் விசில் என்று முழு வேஷத்தில் கோமதியை மெயினருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் அனுப்பினேன். மழை இல்லாத காலம், தண்ணீர் பாதிதான். நான் ஆண்கள் பக்கத்தில் பருத்திச் சட்டையோடு போய் நின்றேன்.

வெளியே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. “ஒரு அக்கா கேக்காங்கப்பா, ‘ஏட்டி, பந்து விளையாட வந்தியா, குளிக்க வந்தியா?’ன்னு. இன்னொருத்தங்க, ‘பாவம், வேண்டுதலா இருக்கும்’ங்காங்க.”

தொப்பி கழலவில்லை. ஷூவுக்குள் நின்ற தண்ணீர் நாலு எட்டில் வடிந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போவதற்குள் அவள் சட்டை உலர்ந்து காற்றில் படபடத்தது. என் சட்டை முதுகில் பசை போட்டு ஒட்டியதுபோலக் கிடந்தது, குளிரில் பல்லும் கிட்டித்தது. மைதீன் பாய் சொன்னது சரிதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கிளம்பினோம். செங்கோட்டை பஸ்ஸில் ஏறப் போனால் கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

“என்ன அண்ணாச்சி, லாரிய எங்கன விட்டுட்டு வாரீய?”

பஸ் முழுக்கச் சிரிப்பு. காற்றைப் பிடுங்கிவிட்டு ஏறச் சொன்னார். போகிற இடத்தில் காற்றடிக்கக் கடை இருக்குமோ இருக்காதோ என்று நான் மன்றாடினேன். “அங்கயும் லாரி ஓடுது அண்ணாச்சி,” என்றார் முன் சீட்டில் இருந்த ஒருவர். கோமதி குனிந்து வால்வை அமுக்கினாள். அது சீறி அடங்கும்வரை பஸ் காத்திருந்தது. என் தைரியமும் அதோடு பாதி இறங்கிவிட்டது.

ரயிலில் எதிரே இருந்த மலையாளத்து அம்மாள் தன் கணவரிடம், “இவர்கள் சர்க்கஸ்காரர்களாக இருக்கும்,” என்று மெதுவாகச் சொன்னார். குற்றாலத்தில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள், அதனால் மலையாளம் எனக்கு விளங்கும். விளங்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். மலை பச்சையாக வந்து பச்சையாகவே போனது.

கொல்லத்தில் சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் கேட்டால் ரோஸ் நிறத்தில், சூடாகக் கொண்டுவந்து வைத்தார்கள். குழாய் துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கோமதியின் டம்ளரையும் சேர்த்துத் தள்ளி வைத்தேன். பரிமாறுகிறவர் சிரித்துவிட்டு, அது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது, வயிற்றுக்கு நல்லது என்றார். சோறு கொட்டை கொட்டையாக இருந்தது. மீன் குழம்பில் குடம்புளி. நம் ஊர்க் குழம்பு நாக்கில் சுள்ளென்று பிடிக்கும், இது தொண்டையில் போய்த்தான் பிடித்தது. கோமதி இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். நான் சாப்பிட்டதுபோலப் பேர் பண்ணினேன்.

சாயங்காலம் ஷீலாவைப் பார்த்தோம். கோமதியைப் போன்ற பிள்ளைகளுக்குத் துடுப்புப் போடப் பழக்கும் பெண், நாற்பது வயது இருக்கும். தோள் இரண்டும் கட்டுமஸ்தாக இருந்தன. இந்தத் தோளுக்கு எண்ணெய் போட்டால் எப்படி இருக்கும் என்று தொழில் புத்தி ஒரு கணம் ஓடியது. அவர் பேசியது முழுக்க மலையாளம், நான் தமிழில் சொல்கிறேன்.

மூட்டையை அவிழ்த்துத் தரையில் பரப்பினார். சட்டை, சரி. தொப்பி, சரி. ஷூவை வளைத்துப் பார்த்து, “யார் எடுத்தது? நல்ல தேர்வு,” என்றார். விசிலில் ஒன்றை ஜாக்கெட்டில் கட்டச் சொன்னார். மற்ற மூன்று எதற்கு என்று கேட்டார்.

“ஒண்ணு ஊதலைன்னா?” என்றேன்.

ரப்பர் பூட்ஸ் வெளியே வந்தபோது கோமதி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஷீலா அதைத் தூக்கி ஓரமாக வைத்தார். “இதைத் தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.” பிறகு காற்று இல்லாத டியூப்பைத் தொட்டார். “இது?”

“அது அப்பாவோடது,” என்றாள் கோமதி.

ஜாக்கெட்டைக் கோமதிக்குப் போட்டுக் காட்டினார். வார் எல்லாம் இறுக்கிய பிறகு ஷீலா அதன் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே இழுத்தார். காதுக்கு ஏறினால் அளவு பெரிது என்று அர்த்தம். அது அசையவில்லை. நானும் இழுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை. பலகை அகலமானது, ஆட்டம் குறைவு. அடியில் மீன் துடுப்பு மாதிரி இருக்கும் இறக்கை குட்டை, சேற்றில் தட்டக் கூடாதல்லவா. எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர.

இடுப்பில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் கயிறு பலகைக்குப் போகிறது. ஆள் விழுந்தாலும் பலகை ஓடிப்போகாது. ஆனால் பட்டையில் ஒரு சிவப்பு உருண்டை தொங்கியது. அதைப் பிடித்து இழுத்தால் கயிறு கழன்றுவிடுமாம்.

“கழண்டு போற கயிற எதுக்கும்மா கட்டணும்?”

“திறந்த கடல் என்றால் காலில் கட்டுவோம், சேட்டா. இங்கே வேர் இருக்கிறது, இழுக்கும் தண்ணீரும் இருக்கிறது. கயிறு வேரில் மாட்டினால் பலகையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் ஆளைக் கீழே அமுக்கும்.”

அதன் பிறகு எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

நான்காம் நாள் காலையில் ஓடைக்கரைக்குப் போய் நின்றேன். தண்ணீர் கடலிலிருந்து உள்ளே, மலை இருக்கும் திசையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்நாளில் தண்ணீர் இறங்கித்தான் பார்த்திருக்கிறேன். ஏறிப் போகிற தண்ணீரைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். “இன்னும் அரை மணியில் நின்றுவிடும். அப்புறம் திரும்பும்,” என்றார் ஷீலா. மூன்றாவது வளைவு வரை போய்த் திரும்ப வேண்டும், அதுதான் கோமதிக்குச் சோதனை. ஷீலா தன் இரட்டைக் கயாக்கில் பின்னாலேயே வருவார், முன் இருக்கையில் நான் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஷீலா படகை இறக்கப் போன இடைவெளியில்தான் நான் அதைச் செய்தேன். வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்திருந்தேன். எங்கள் ஊரில் எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரில் இறங்குவது வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவது மாதிரி. உப்புத் தண்ணீர் தோலை அரிக்குமே என்ற எண்ணம் வேறு.

“ஏட்டி, கையக் காட்டு.”

“வேண்டாம்ப்பா.”

“இதையாவது செய்ய விடு.”

காட்டினாள். இரண்டு உள்ளங்கை, புறங்கை, மணிக்கட்டு. ஷூவைக் கழற்றச் சொல்லி இரண்டு பாதங்களுக்கும் போட்டேன். தொழில் சுத்தம், ஒரு சொட்டு வழியவில்லை.

முதல் வளைவு வரை முழங்காலிட்டுப் போனாள். “துடுப்பு வழுக்குது சேச்சி,” என்றாள். “இறுக்கிப் பிடிக்காதே, தளர்த்திப் பிடி,” என்றார் ஷீலா. அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கும் அப்போது உறைக்கவில்லை. இரண்டாவது வளைவில் எழுந்து நின்றாள். மரத்துக்கு நடுவே அவள் நிமிர்ந்து நின்று போனது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் மெல்லத் திரும்பியிருந்தது. ஒரு மஞ்சள் இலை என்னைத் தாண்டிக் கடல் பக்கம் போனது.

ஷூவுக்குள் அவள் பாதம் புரண்டதுதான் முதலில். துடுப்பை ஊன்றப் பார்த்தாள், அது கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. விழுந்தாள்.

பலகை தனியாக ஓடி இரண்டு வேர்களுக்கு நடுவே செருகிக்கொண்டது. கோமதியைத் தண்ணீர் கடல் பக்கம் இழுத்தது, கயிறு இந்தப் பக்கம் பிடித்தது. சுருள் நேராகி விறைத்தது. ஜாக்கெட் அவளைத் தூக்கியது, ஆனாலும் தண்ணீர் தோளுக்கு மேல் ஏறி முகத்தில் அடித்தது. நான் மிச்சமிருந்த விசிலில் ஒன்றை எடுத்து ஊதினேன். எதற்கு ஊதினேன், யாரைக் கூப்பிட்டேன், தெரியாது.

அவள் கை இடுப்புக்குப் போனது. சிவப்பு உருண்டையை இழுத்தாள். கை மட்டும் வந்தது, உருண்டை அங்கேயே இருந்தது.

மறுபடி இழுத்தாள். மறுபடி வழுக்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கையில் இருந்த விசிலும் வழுக்கிக்கொண்டுதான் இருந்தது.

கோமதி அலறவில்லை. சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டாள், துணியோடு சேர்த்து உருண்டையைப் பிடித்தாள், ஒரு வெட்டு வெட்டினாள். கயிறு தெறித்தது. மல்லாந்து, காலைக் கடல் பக்கம் நீட்டி, மிதந்து வந்தாள். ஷீலா இரண்டே வீச்சில் படகைக் குறுக்கே கொண்டுபோனார். கோமதி படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி ஒரு சேற்று மேட்டில் எல்லோரும் இறங்கினோம். அங்கே தண்ணீர் அவள் தொடையளவுகூட இல்லை.

ஷீலா அவள் கையைப் பிடித்து எழுப்பினார். பிடித்த கையை அப்படியே வைத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

“எண்ணெயா?”

கோமதி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானே சொன்னேன். “நாந்தான் போட்டுவிட்டேன். எங்க ஊரு வழக்கம்.”

ஷீலா திட்டுவார் என்று நின்றேன். திட்டினார். என் முப்பது வருடச் சம்பாத்தியத்தில் யாரிடமும் அவ்வளவு வாங்கியதில்லை, எல்லாவற்றையும் இங்கே எழுதவும் முடியாது. முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு, “குற்றாலத்தில் தண்ணீர் உங்கள் தலைமேல் விழுகிறது, நீங்கள் சும்மா நின்றால் போதும். இங்கே எதையாவது பிடித்தால்தான் பிழைப்பு. அந்தக் கையில் போய் எண்ணெய்!” என்றார். பிறகு குனிந்து சேற்றை அள்ளிக் கோமதியின் கையில் வைத்தார். சீயக்காய் தேய்ப்பதுபோல இருவரும் தேய்த்தார்கள், கை, கால், துடுப்பு பிடிக்கிற விரலிடுக்கு வரைக்கும். எனக்கும் ஒரு கைப்பிடி சேறு கொடுத்தார்.

கோமதி கையைத் தண்ணீரில் அலசினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “இப்ப சொல்லுங்கப்பா.”

அந்த ஒரு வார்த்தையைத் தென்காசியிலிருந்து சுமந்து வந்திருந்தேன். சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் எதையெல்லாம் நினைத்துப் பயந்தேனோ அது அத்தனையும் என் கண் முன்னால் நடந்து முடிந்திருந்தது. நடந்தது என்னால். முடித்தது அவள். நான் விசில் ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்த யோசனை எனக்கு இன்றைக்கு வரைக்கும் வந்திருக்காது.

“கையக் காட்டு,” என்றேன்.

காட்டினாள். தடவிப் பார்த்தேன். சொரசொரவென்று இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு கையில் எண்ணெய் இல்லை என்று சந்தோஷப்பட்டது அன்றுதான்.

“பலக அங்கன மாட்டிக் கிடக்கு பாரு. போய் எடுத்துட்டு வா.”

கோமதி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷீலாவுக்கும் புரிந்துவிட்டது, சிரித்தார்.

“நெசமாவாப்பா?”

“அது ஓடிப் போறதுக்குள்ள எடுட்டி. இன்னும் ஒரு வளைவு பாக்கி இருக்குல்லா?”

மேட்டோரமாக நடந்து, வேருக்கு மேல்பக்கம் சுற்றிப் போய், பலகையை விடுவித்து எடுத்தாள். ஷீலா துடுப்பைப் பிடித்து வந்து கொடுத்தார். மூன்றாவது வளைவு வரை போய்த் திரும்பினாள். விழவில்லை. மத்தியானம் அதே ரோஸ் தண்ணீரை மூன்று டம்ளர் குடித்தேன், கொட்டைச் சோற்றை இரண்டு தடவை வாங்கினேன். தூக்கம் கண்ணைச் சொருகியது. கிளம்பிய நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலையில் கோமதி மற்ற பிள்ளைகளோடு முதல் நாள் வேலைக்குக் கிளம்பினாள். ஐந்து கயாக்கு, இரண்டு பலகை. தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டே, “ஊருல அம்மாட்ட விழுந்தத சொல்லாதீய,” என்றாள். சரி என்றேன். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது, அதன் போக்கிலேயே போனார்கள். மரங்கள் ஒவ்வொருவரையாக மறைத்தன. கடைசியாக அவளையும் மறைத்தன.

பத்து மணிக்குத் தண்ணீர் திரும்பும், பதினொன்றுக்கு எல்லோரும் கரைக்கு வந்துவிடுவார்கள், பார்த்துவிட்டுப் போகலாமே என்றார் ஷீலா. அடுத்த ரயிலும் இருக்கிறதாம்.

“வேண்டாம்மா. அவ வந்துருவா,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.